பத்துக்கு மூன்று

என் பன்னிரண்டாவது வயதில் நான் ஒரு விமர்சகராக இருந்தேன். சமய பாடத்துக்கு வாங்கி மிஞ்சிய ஒரு கொப்பிதான் என் பத்திரிகை. எழுதுவதும் நான், திருத்துவதும் நான். வாசகர் ஒரே ஒருவர், என் அண்ணன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சின்னச் சின்ன விளையாட்டுகளைப் பற்றி எங்கள் ஊரான உடுப்பிட்டியில் அப்போது வேறு யாரும் எழுதிக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. ஆகவே எனக்குப் போட்டி இல்லை.

மடிக்கணினி அண்ணனுடையது. வெளிநாட்டிலிருந்து வந்த பெரியமாமா தான் பாவித்ததை அவனிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். மின்சாரக் கம்பியைக் கழற்றினால் அந்த நிமிடமே அணைந்துவிடும். அண்ணன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலம் அது. பின்னேரம் நாலிலிருந்து ஐந்து வரை கணினி எனக்கு. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. விளையாடிய ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று போட்டு, ஏன் என்றும் எழுத வேண்டும். “நல்லாயிருக்கு” என்று மட்டும் எழுதினால் அடுத்த நாள் கணினி இல்லை. எந்த இடத்தில் அலுத்தது, எந்த இடத்தில் இன்னொருமுறை பார்ப்போம் என்று தோன்றியது என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்பான். வேலை இல்லாதவன், பொழுது போகாமல் கேட்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

சும்மா சொல்லக் கூடாது, நான் கறாரான ஆள். சாப்பாட்டுக் கடை நடத்தும் விளையாட்டு ஒன்று இருந்தது. சாப்பாடு பிந்தினால் வந்தவரின் தலைக்கு மேல் கோபம் சிவப்பாக ஏறும். ‘மொத்தம் ஆறு பேர்தான் மாறி மாறி வருகிறார்கள். இப்போது கோபித்துக்கொண்டு எழுந்து போனவர் அடுத்த நிமிடம் சிரித்துக்கொண்டு வருகிறார். மானம் ரோசம் இல்லாத ஆட்கள். பத்துக்கு ஐந்து’ என்று எழுதினேன். பொம்மைக்குச் சட்டை மாற்றும் விளையாட்டுக்கு ஒன்று. அதில் தோற்கவே முடியாது, தோற்க முடியாதது விளையாட்டே அல்ல என்பது என் கொள்கை. பூட்டிய அறையிலிருந்து தப்ப வேண்டிய ஒன்றில் பூட்டின் திறப்பு பூச்சாடிக்குள் கிடந்தது. உலகத்தில் யார் திறப்பைப் பூச்சாடிக்குள் வைப்பார்கள் என்று கேட்டு நாலு போட்டேன். பின்னால் நின்று வாசித்த அம்மா, “எங்கடை வீட்டுத் திறப்பு மாட்டுத் தொட்டிக்குக் கீழைதானே கிடக்கு?” என்றார். நேர்மையாக அதை ஐந்தாக மாற்றினேன். வாய்க்கால் தாண்டும் ஒரு தவளைக்கு மட்டும் ஒன்பது கொடுத்திருந்தேன். அந்தத் தவளை எத்தனை முறை செத்தாலும், என் பிழையால்தான் செத்தது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்த விளையாட்டுகளில் பாதி இன்றைக்குத் திறக்கவே திறக்காது, ஆனால் தவளையின் ஞாபகம் இருக்கிறது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த என் தொழிலுக்குள் குடும்பம் வந்து புகுந்தது. கொழும்பில் கணினி படிக்க அண்ணனுக்கு ஓர் இடம் கிடைத்தது. பெற்றோர் கையெழுத்து வைத்த படிவம் ஒரு குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் போக வேண்டும். அப்பாவுக்கோ அவனை வவுனியாவில் சித்தப்பாவின் ஹாட்வெயார் கடைக்கு அனுப்பும் யோசனை. அண்ணன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். படித்து முடித்தால் விளையாட்டுகள் செய்யலாம் என்று உண்மையைச் சொல்லிவிட்டான்.

“விளையாட்டுப் பிள்ளையெண்டு சொல்லுறது சரியாத்தான் இருக்கு” என்று அப்பா படிவத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வார்கள். “உவனிட்டைச் சொல்லு, நாளைக்கு இறைப்பு எண்டு.” “அப்பாவிட்டைச் சொல்லு, ஓம் எண்டு.” இருவரும் ஒரே அறையில் இருக்கும்போதும் நான் நடுவில் நின்று திரும்பச் சொல்ல வேண்டும்.

அந்த வாரம்தான் அண்ணன் தானே செய்த ஒரு விளையாட்டை இணையத்தில் ஏற்றினான். எங்களுடைய வெங்காயத் தோட்டம்தான் விளையாட்டு. தோட்டத்துக்குத் தண்ணீர் மாறுவது என்று ஒரு வேலை இருக்கிறது. மெசின் கிணற்றிலிருந்து இறைக்கும் தண்ணீர் வாய்க்காலில் ஓடி வரும். ஒரு பாத்தியின் வாயை மண்வெட்டியால் வெட்டி விட வேண்டும், அது நிரம்பியதும் மண்ணை இழுத்து அடைத்து அடுத்த பாத்தியைத் திறக்க வேண்டும். இதையே அண்ணன் திரையில் செய்திருந்தான். மெசினைத் தொட்டால் இறைக்கத் தொடங்கும். பாத்தியின் வாயைத் தொட்டால் திறக்கும், மறுபடி தொட்டால் மூடும். தண்ணீர் கூடினால் வெங்காயம் அழுகும், குறைந்தால் வாடும். எந்த நாட்டவரும் விளையாடட்டும் என்று ஓர் எழுத்துக்கூட அவன் வைக்கவில்லை.

ஆறு கட்டங்களை ஒரே மூச்சில் முடித்தேன். ஏழாவதில் மாட்டிக்கொண்டேன். பாத்திகள் பதினாறு, கிணற்றுத் தண்ணீர் பதினைந்துக்குத்தான் காணும். எத்தனை வேகமாகத் திறந்து மூடினாலும் கடைசிப் பாத்தி வாடியது. தண்ணீர் முடியப்போகிறது என்று கிணற்றின் ஓரத்தில் சிவப்பு மின்னத் தொடங்கியதும் நான் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன். இருபது முறைக்கு மேல் அப்படிச் செய்து பார்த்துவிட்டுக் கொப்பியை எடுத்தேன்.

மறுநாள் அப்பா கிணற்றடியில் கால் கழுவியபடி, ஏதோ வெயிலைப் பற்றிக் கேட்பது போல என்னிடம் கேட்டார்.

“நீ உதுகளெல்லாம் விளையாடுறனியெல்லோ, பிள்ளை. உவன் செய்தது எப்பிடி?”

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெரியவர் என் அபிப்பிராயத்தைக் கேட்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

“பத்துக்கு மூண்டு, அப்பா.”

“மூண்டெண்டால் பெயில்தானே?”

“ஓம். பெயில்தான்.”

 அன்றிரவு சாப்பாட்டின்போது அப்பா, “வவுனியாவுக்கு ஒருக்கால் போன் எடுத்துக் கதைக்க வேணும்” என்று அம்மாவிடம் சொன்னார். என்ன நடந்தது என்று அறிந்த அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

“மூண்டோ குடுக்கிறது? உன்ரை தமையனெல்லோடி?”

“தமையன் எண்டதுக்காக மாக்ஸ் கூட்டிப் போடேலாது, அம்மா.”

அண்ணன் கோபிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் கொப்பியைக் கேட்டு வாங்கி, நான் எழுதியதை இரண்டு தரம் வாசித்தான். ‘ஏழாவது கட்டத்தில் வெல்ல முடியாது. இது விளையாடுபவரின் பிழை அல்ல, செய்தவரின் பிழை’ என்று எழுதியிருந்தேன்.

“அது பிழையில்லை” என்றான்.

“அப்ப என்னெண்டு வெல்லுறது?”

“சொல்லமாட்டன். சொன்னால் பிறகென்ன விளையாட்டு?”

“ஒரு சின்னக் குறிப்பாவது வைச்சிருக்கலாம்தானே, அண்ணை.”

 சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.  நான் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, ஆனாலும் ஏதோ களவு செய்தவள் போல இருந்தது. எட்டு என்று மாற்றிவிடலாமா என்று அழிறப்பரைக் கையில் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். வெல்லும் வழியை நானே கண்டுபிடித்தால், நேர்மையாகவே மாற்றலாமே என்று தோன்றியது. வழி எங்கே இருக்கிறது என்று அறியும் ஆவலும் உள்ளே அரித்தது.

வியாழக்கிழமை வந்தது, படிவம் போக இன்னும் ஒரே நாள். அண்ணன் சைக்கிளில் பருத்தித்துறைக்குப் போயிருந்தான். பள்ளிக்கூடத்தால் வந்து சட்டையும் மாற்றாமல் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்துப் பாத்திகளை இரண்டிரண்டாகத் திறந்து பார்த்தேன். கடைசியிலிருந்து தொடங்கிப் பார்த்தேன். பதினாறில் ஏதோ ஒன்று வாடிக்கொண்டே இருந்தது. மேசையில் ஓங்கி அடித்திருப்பேன் போலும், சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்திருந்த அப்பா எழும்பி வந்தார்.

“உதென்ன, வெங்காயப் பாத்தியோ?” என்று குனிந்தார். மகன் செய்தது இன்னதென்று அதுவரை அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. “வாய்க்கால் உந்தப் பக்கத்தாலை போகுது. எங்கடை தோட்டமெல்லே இது?”

முதல் கட்டத்தைப் போட்டுவிட்டு எழுந்து இடம் விட்டேன். அவர் உட்கார்ந்து, மவுசைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பது போலப் பிடித்தார். முதலில் இரண்டு பாத்திகளை அழுக விட்டார், பிறகு கை வசப்பட்டது. நான் நாலு முறை தொட்ட இடத்தில் அவர் ஒரு முறைதான் தொட்டார். ஏழாவது கட்டம் வந்தது. பதினைந்து பாத்திகள் நனைந்து, கிணற்றோரத்தில் சிவப்பு மின்னியது.

“கெதியாய், அப்பா! கெதியாய்!” என்று கத்தினேன்.

அப்பா மெசினைத் தொட்டு நிறுத்தினார். மவுசிலிருந்து கையை எடுத்தார். கதிரையில் சாய்ந்து, “இஞ்சருமப்பா, தேத்தண்ணி இருக்கோ?” என்று குசினிப் பக்கம் கேட்டார்.

திரையில் எதுவும் அசையவில்லை. எனக்கு அழுகை வந்தது. “என்னப்பா செய்யிறியள்? விளையாட்டு நிண்டுபோச்சு!”

“நிக்கேல்லை. ஊறட்டும்.”

தேநீர் வந்தது. பனங்கட்டியைக் கடித்துக் கடித்து ஆறுதலாகக் குடித்தார். பாதிக் கோப்பை முடிந்தபோது கிணற்றுக்குள் தண்ணீர்க் கோடு ஒரு நூல் அளவு உயர்ந்தது. இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. சிவப்பு அணைந்தது. அப்பா கோப்பையை வைத்துவிட்டு மெசினைத் தொட்டார், கடைசிப் பாத்தியைத் திறந்தார். வாடிக் கிடந்த வெங்காயத் தாள்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. நான் விளையாடிய அத்தனை விளையாட்டிலும், ஒன்றும் செய்யாமல் இருந்தால் வெல்லலாம் என்று எதுவும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

அப்போதுதான் வாசலில் அண்ணன் நிற்பதைக் கண்டேன். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது, சைக்கிள் திறப்பு கையிலேயே இருந்தது. அப்பாவும் கண்டிருக்க வேண்டும். என்னைப் பார்த்து, வழக்கம் போலச் சொன்னார்.

“உவனிட்டைச் சொல்லு, உந்தக் கிணறு பிழையெண்டு. எங்கடை கிணறு உப்பிடியே நல்ல தண்ணியாய் ஊறும்? அடிவரைக்கும் இறைச்சால் பிறகு வாறது உவர்த் தண்ணி. வெங்காயம் கருகிப்போம். கொஞ்சம் கிடக்கேக்கையே நிப்பாட்ட வேணும்.”

நான் திரும்பிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பாவே அண்ணனைப் பார்த்து, “உனக்குத் தெரியாதே? எத்தினை நாள் என்னோடை தண்ணி மாற வந்தனி?” என்றார்.

“தெரியும், அப்பா. உவரை எப்பிடிக் காட்டுறதெண்டுதான் விளங்கேல்லை.”

“தாள் நுனி முதல் மஞ்சளாகும். அதைக் காட்டன்.”

அண்ணனின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கண் கலங்கியிருந்ததும் தெரிந்தது. கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். எத்தனை நாளில் மஞ்சளாகும், வேர் எப்படிப் போகும், மழை பெய்தால் உவர் போகுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். நடுவில் எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஐந்து மணி தாண்டிய பிறகு அப்பா எழும்பி, சாமிப் படத்துக்குப் பின்னால் கையை விட்டுப் படிவத்தை எடுத்தார். “பேனை எங்கை?” என்றார். குசினி வாசலில் நின்ற அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

எனக்குச் சந்தோசம்தான். ஆனாலும் விமர்சகர் என்ற முறையில் மனம் பொறுக்கவில்லை. ஒரு கட்டம் சரியில்லை என்று நான் சொன்னதற்குச் சுவரைப் பார்த்துப் படுத்தவன், கிணறே பிழை என்று அப்பா சொன்னதற்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் கொழும்புக்குப் பெட்டி அடுக்கிய அன்று கேட்டே விட்டேன்.

“நான் பிழை சொன்னால் கோபம், அப்பா சொன்னால் சிரிப்போ, அண்ணை?”

அவன் சட்டையை மடித்தபடியே சொன்னான். “நீ எத்தினையோ விளையாட்டு விளையாடுறனி. அப்பா வாழ்க்கையிலை இது ஒண்டைத்தானே விளையாடினவர்.”

அப்பாவுக்கு அனுபவம் போதாது என்பதை அண்ணனும் ஒத்துக்கொள்கிறான் என்றுதான் நான் அன்றைக்கு விளங்கிக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.