இரண்டு பக்க இரைச்சல்

ஒரே இசைத்தட்டை மாதக்கணக்கில் கேட்டேன் என்று சொன்னால் என்னைப் பெரிய ரசிகை என்று நினைத்துவிடுவார்கள். நூலகத்தில் இருந்த அம்மாள் அப்படித்தான் நினைத்தார். உண்மையில் நான் அங்கே தூங்கப் போனேன்.

எழுபதுகளின் தொடக்கம். டிரங்க் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு ஆபரேட்டர் வேலை. வெளியூருக்குப் பேச வேண்டுமானால் எங்களிடம் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய காலம். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு போர்டு முன்னால் உட்கார்ந்தால் ஊரில் உள்ள அவசரமெல்லாம் என் காதில்தான் வந்து விழும். மதுரை இன்னும் கிடைக்கவில்லையா, திருச்சி ஏன் பாதியில் அறுந்தது, ஏம்மா தூங்குகிறாயா? தூங்கினால்தானே!

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் எங்கள் போர்ஷன். இரண்டு அறை, ஒன்பது பேர். விடிவதற்கு முன் தண்ணீர் பிடிக்க எழுந்தால் படுக்கும்வரை ஏதாவது ஒரு குரல் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். மாமியாருக்கு வெந்நீர், மைத்துனர் பெண்களுக்குத் தலை பின்ன வேண்டும், பிரசவத்துக்கு வந்திருக்கும் நாத்தனாருக்குப் பத்தியச் சமையல். யாரும் கெட்டவர்கள் இல்லை. என் பெயர் மட்டும் எல்லோர் வாயிலும் சுலபமாக வந்தது.

அந்த வருஷம் என் டியூட்டி மாறி மதியமே முடிய ஆரம்பித்தது. வீட்டில் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. பஸ் வரும் வழியில் வெளிநாட்டுக் கலாசார மையம் ஒன்று நூலகம் வைத்திருந்தது. ஒரு நாள் வெயில் தாங்காமல் இறங்கி உள்ளே போனேன். ஏ.சி. முகத்தில் அடித்ததும் கண் சொருகியது. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தூங்கினால் தலை மேஜையில் முட்டுகிறது. ஆனால் பின்னால் இசைத்தட்டு கேட்கும் அறையில் சாய்வு நாற்காலிகள் இருந்தன. ஒரு தட்டைக் கேட்டு வாங்கினால் போதும், ஹெட்போனைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அங்கே கண்ணை மூடியிருந்தால் சங்கீதம் கேட்கிறாள் என்று அர்த்தம்.

முதலில் மெல்லிய வயலின் தட்டுகளை வாங்கிப் பார்த்தேன். சரிப்படவில்லை. கொஞ்சம் அமைதி வந்தால் போதும், யாரோ கூப்பிடப் போகிறார்கள் என்று என் காது விறைத்துக்கொள்ளும். தூக்கத்தில் "ஹலோ மெட்ராஸ்" என்று நானே முனகி விழித்ததும் உண்டு.

அப்போதுதான் நூலக அம்மாள் ஒரு தட்டை எடுத்து வந்தார். சாந்தோம் பக்கத்துக்காரர், கழுத்தில் சின்னச் சிலுவை.

"இதை யாருமே கேக்க மாட்டேங்கறாங்க. தூசி படியுது. நீங்க கேட்டுப் பாருங்களேன்" என்றார்.

அட்டையில் ஒரு கும்பல் தாடியும் தொளதொளச் சட்டையுமாக மாடிப்படியில் நின்றது. ஜாஸ் கோஷ்டி. எழுதி வைத்த மெட்டோ கையசைத்து நடத்துகிறவரோ கிடையாதாம். அவரவர் மனத்துக்கு அந்த நேரத்தில் தோன்றியதை வாசிப்பார்களாம். ஊசியை வைத்ததும் காதில் சந்தை கூடியது. நாலைந்து ஊதுகுழல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அலறின. டிரம்ஸ் தடுக்கி விழுந்துகொண்டே ஓடியது. யாரோ பியானோவை முழங்கையால் அழுத்தியிருக்க வேண்டும். ஹெட்போனை எடுத்துவிடலாம் என்று கை போனது. போன கை மடியில் விழுந்தது. நான் தூங்கிவிட்டேன், ஆழமாக, கல்யாணத்துக்கு முன் தூங்கிய மாதிரி.

பிறகு தினமும் அதேதான். ஒரு பக்கம் முடிந்ததும் அந்த அம்மாளே வந்து சத்தமில்லாமல் திருப்பிப் போடுவார். ஒரு நாள் நான் விழிக்கவேயில்லை. மெய்ம்மறந்து கேட்கிறேன் என்று அவரும் எழுப்பவில்லை. விளக்கை அணைக்கும்போதுதான் தோளைத் தொட்டார். நான் வீட்டுக்குப் போவதற்குள் என் கணவர் எக்ஸ்சேஞ்சுக்கே போய் விசாரித்துவிட்டு வந்திருந்தார். கணக்குப் பிரிவில் குமாஸ்தா அவர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர்.

"மத்தியானமே கிளம்பிட்டயாமே. எங்கேடி போயிண்டிருக்கே?"

"பாட்டு கேக்கப் போறேன்."

அவர் நம்பவில்லை. அடுத்த நாளே அழைத்துப் போனேன். நூலக அம்மாளுக்கு ஒரே பெருமை. "சார், இந்த ரெகார்டை இவ்வளவு ரசிச்சுக் கேக்கறது உங்க மிஸஸ் ஒருத்தங்கதான்" என்று இரண்டாவது ஹெட்போனையும் மாட்டிக் கொடுத்தார். என் கணவர் பரீட்சை எழுதும் பையனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். கொஞ்ச நேரத்தில் கழற்றினார்.

"என்னடி இது? ஆளாளுக்குக் கத்தறான். இதுக்கு நம்மாத்துலயே இருந்திருக்கலாமே!"

சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தால் அழுகையும் கூடவே வந்தது.

"ஏன்னா, ஆத்துல எல்லாரும் என்னைக் கூப்பிட்டுண்டு கத்தறா. ஆபீஸ்லயும் அதேதான். இங்கே இத்தனை பேர் கத்தறா, ஒருத்தராவது என்னைக் கூப்பிடறாளா பாருங்கோ."

வீட்டுக்கு வந்ததும் அவர் தன் அம்மாவிடம், "அவளுக்கு இனிமே சாயங்காலம்தான் டியூட்டி முடியுமாம்" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

அடுத்த வாரமே ஒரு மத்தியானம் தட்டுக்காக நான் கண்ணை மூடிக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. பார்த்தால் அவர். ஆபீஸில் தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தாராம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு சாய்ந்தார். ஊதுகுழல்கள் அலற ஆரம்பிப்பதற்குள் வாய் திறந்துகொண்டது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது, வீட்டில் இத்தனை பக்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு எங்கே நேரம்? பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. ஒருவர் தூங்கினால் இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்தாக வேண்டும். அந்த இன்னொருவர் யார் என்பதில் எப்போதாவது சந்தேகம் வந்திருக்கிறதா?

தூக்கம் போய்விட்டது. அன்றுதான் அந்தத் தட்டை முதல்முறையாக முழுதாகக் கேட்டேன். இரைச்சல்தான், ஆனாலும் ஒருவர் ஊதியதை இன்னொருவர் வாங்கிக்கொள்வது புரிந்தது. சிலர் கேட்டும் கேட்காததுபோல் போனார்கள். இரண்டாம் பக்கத்தின் கடைசியில் ஒவ்வொருவராக நிறுத்திக்கொள்ள, ஒரே ஓர் ஆள் மட்டும் தாழ்ந்த குரலில் ஊதிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்களா, எழுந்து போய்விட்டார்களா என்று தெரியவில்லை. பிறகு ஊசி உரசும் சத்தம்.

"ஏன்னா, நாழியாச்சு" என்று தோளைத் தொட்டேன்.

திடுக்கிட்டு விழித்தார். குழந்தை மாதிரி முகம் தெளிந்திருந்தது.

"எத்தனை நாளாச்சுடி இப்படித் தூங்கி! நாளைக்கும் வரட்டுமா?"

அவர் முகத்தைப் பார்த்தேன்.

"வாங்கோ" என்றேன்.