சிமென்ட் மேல் நின்ற நெல்

ரஞ்சனிக்கு வயது நாற்பத்திரண்டு. அவர் வாசலிலிருந்து சாலை வரை போகும் கான்கிரீட் பாதைக்கு வயது ஐந்து. பார்க்கிறவர்கள் பாதையைத்தான் மூத்தது என்பார்கள். நடுவே நீளமாக ஒரு விரிசல், அதிலிருந்து கிளை கிளையாகப் பல. சாலையோர மூலை உடைந்து உள்ளே இறங்கியிருந்தது.

வடக்குப்பட்டில் இருக்கிறது வீடு. முன்பு கம்பெனி அசெம்ப்ளி லைனில் நின்று வேலை பார்த்த ரஞ்சனி, இப்போது சொந்த ஆட்டோவில் ஷிப்ட் பெண்களை ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஏற்றிப் போகிறார். பாதை போட்டது அந்த ஆட்டோவுக்காக. உடைத்தது, இரண்டு வருடம் முன்பு எதிரே வந்த சரக்குக் கிடங்கின் டிரெய்லர் லாரிகள். கிடங்கு கேட்டில் திரும்ப இடம் போதாமல், டிரைவர்கள் பின்சக்கரங்களை ரஞ்சனியின் பாதையில் ஏற்றி ஒடித்துத்தான் உள்ளே நுழைவார்கள். கல் வைத்தார், நகர்த்தினார்கள். கயிறு கட்டினார், அறுத்தார்கள்.

நியாயம் கேட்கப் போனவரிடம் கிடங்கு சூப்பர்வைசர் சங்கரநாராயணன் சிரித்தார்.

"ரெண்டு வருஷமா எல்லா வண்டியும் அங்கதானேம்மா திரும்புது? அது இப்ப பொதுவழி மாதிரி."

"இன்னா சார், என் வூட்டு வாசல் எப்போ பொதுவழி ஆச்சு? பட்டா என் பேர்ல கீது."

"பட்டா பீரோவுல இருக்கும்மா. வண்டி ரோட்டுல இருக்கு."

அந்த வாரமே கொத்தனார் ஜீவானந்தம் வந்தார். விரிசலைக் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"டிரெய்லர் ஏர்ற எடம்க்கா. தங்கத்துல போட்டாலும் பொளந்துக்கும்."

"நீ சிமென்ட்ல போடு. ஏறாம நான் பாத்துக்கறேன். இன்னிக்கு வுட்டா நாளைக்கு நெஜமாவே பொதுவழின்னுடுவான்."

விரிசல்களை உளியால் அகலப்படுத்திக் கழுவினார்கள். இறங்கிய மூலையை முழுக்கப் பெயர்த்து, ஜல்லி கொட்டி இடித்தார்கள். புதுசு ஒட்டுவதற்காகப் பழைய தளம் எங்கும் கொத்திவிட்டு, சிமென்ட் பால் ஊற்றி, மேலே புதுக் கான்கிரீட். டயர் வழுக்காமலிருக்க ஈரத்தில் துடைப்பத்தால் கோடு இழுத்தார் ஜீவானந்தம். மறுநாள் சுற்றிலும் ஏரி மண்ணில் வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்தினார். கான்கிரீட் இறுக ஒரு வாரம் தண்ணீர் நிற்க வேண்டும். பாரம் ஏறக் கூடாது.

கான்கிரீட் போட்டதிலிருந்து ரஞ்சனி ஆட்டோவைச் சாலையோரம் குறுக்கே நிறுத்திக் காவல் காத்தார். ஆட்டோ ஓடினால்தான் அடுப்பு எரியும். எத்தனை நாள் நிறுத்துவது?

"தண்ணி நிக்குது, வரப்பு கீது. நாத்து நட்டுடட்டுமா?" என்றார்.

ஜீவானந்தம் சிரித்தார். ரஞ்சனி சிரிக்கவில்லை. பிள்ளைப்பாக்கத்தில் இன்னும் பயிர் வைக்கும் தசரதனிடம் போய் இரண்டு கட்டு நெல் நாற்று வாங்கி வந்தார். வரப்பின் உள்பக்கச் சேற்றில் நெருக்கமாக நட்டார். சாலையிலிருந்து பார்த்தால் பச்சைப் பசேலென்று ஒரு பாத்தி.

மறுநாள் காலை ஷிப்டை இறக்கிவிட்டுத் திரும்பினால், வாசலில் டிரெய்லர். பின்சக்கரம் வரப்புக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது. டிரைவர் இசக்கிபாண்டி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கீழே இறங்கி நின்றிருந்தார். எதிரே சங்கரநாராயணன் கத்திக்கொண்டிருந்தார்.

"யோவ், அது சிமென்ட்டுய்யா! வயலு இல்ல!"

"நெல்லு நிக்குல்லா சார். பயிரு மேல வண்டிய ஏத்துனேன்னு தெரிஞ்சா எங்கய்யா செருப்பால அடிப்பாவ."

"உங்கய்யா இங்க வரப் போறாரா?"

"வர வேண்டாம் சார். எனக்கே கை வரல."

டீக்கடைக் கூட்டம் கிளாஸோடு சாலைக்கு வந்துவிட்டது. ரஞ்சனி ஆட்டோவை அணைத்தார்.

"அந்தண்ணன வுடுங்க சார். பொதுவழின்னு நீங்கதானே சொன்னீங்க? சாவி வாங்கி நீங்களே ஏத்துங்க. ஊரே பாக்கட்டும்."

"ஏறு சார், ஏறு! அறுவடைக்கு நாங்க வர்றோம்!" கூட்டத்தில் ஒரு குரல்.

சங்கரநாராயணன் சாவியைக் கேட்கவில்லை. அன்று சரக்கைச் சாலையோரமே நிறுத்தி இறக்கினார்கள். இரண்டு நாள் அப்படி இறக்கிப் பார்த்துவிட்டு, கேட்டுக்கு உள்ளே இருந்த பைக் ஷெட்டைப் பிரித்தார்கள். வண்டி திரும்ப இடம் அங்கேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வரப்பை உடைத்துத் தண்ணீரை வெளியேற்றுகிறார்கள். நாற்று தசரதனின் வயலுக்குத் திரும்பிப் போகிறது. அந்த இடத்தில் ஜீவானந்தம் இரண்டு இரும்புத் தூண்கள் நட்டுச் சங்கிலி போடுகிறார்.