ஒரு நிமிடம் போட்ட சிம்

கணவனின் அடிக்குத் தப்பி வந்த என் தங்கையை மாம்புரியில், அவனுக்குத் தெரியாத என் நண்பனின் வீட்டில் ஒளித்து வைத்திருந்தேன். அவளுடைய மகளின் ஆசிரியையோடு பேச வேண்டியிருந்தது; அந்த இலக்கம் அவளுடைய பழைய சிம்மில்தான் இருந்தது.

"அத போட வாணாம் நானா. அவரு அந்த நம்பருக்கு கோல் எடுத்துட்டே இருப்பாரு" என்றாள்.

"ஒரு நிமிஷந்தானே" என்று வாங்கிக்கொண்டு கரைக்கு நடந்தேன். மெல்லிய கம்பியால் என் போனின் தட்டைத் திறந்து செருகினேன். இலக்கத்தைத் தேடுமுன் போன் அதிர்ந்தது. விரல் தவறிப் பட்டு அவள் கணவனின் அழைப்பை எடுத்துவிட்டேன். நான் வாய் திறக்கவில்லை. ஆனால் என் முதுகுக்குப் பின்னால் மீன் ஏலம் கடலைவிட உரக்க இரைந்தது. மீன் வியாபாரியான அவனுக்கு ஒவ்வொரு கரையின் ஏலக் குரலும் பழக்கம்.

"மாம்புரியா? இந்தா வாறேன்" என்றான்.

ஓடிப்போய்த் தங்கையைப் பின்வாசலால் அனுப்பினேன். சற்று நேரத்தில், கரையில் விசாரித்துக்கொண்டு மீன் வெட்டும் கத்தியோடு வந்தான். கதவைப் பிளந்தான், கதிரையை உடைத்தான். "எங்கடா அவ?" என்று என் முன்கையை எலும்பு தெரியக் கிழித்தான். சத்தம் கேட்டு ஏலத்திலிருந்து ஓடி வந்தவர்கள்தான் அவனை வலைக்கயிற்றால் கட்டிப் பொலிசில் கொடுத்தார்கள்.

ஆசிரியையின் இலக்கத்தைப் பள்ளிக்கூடத்துக்கு நேரில் போய் வாங்கினேன். முதலிலேயே போயிருக்கலாம். இப்போதெல்லாம் தங்கை ஒன்றை வேண்டாம் என்றால் நான் "ஒரு நிமிஷந்தானே" என்பதில்லை.