ஆறு பேரும் ஒரே பஸ்ஸில்

போன சனிக்கிழமை காலை ஏழு இருபத்து நாலுக்கு என் போன் நின்றுவிட்டது. சார்ஜ் இருந்தது. சிக்னல்தான் இல்லை.

அதற்கு முன் வீட்டிலிருந்து என் மூத்த மகள் ஹனா சொன்ன கடைசி வசனம் இது: “ஆன்ட்டி பாணுக்கு சம்பல் இடிக்கிறாங்க உம்மா. ஊரிலிருந்து கூனி கொண்டு வந்தாங்களாம். நல்லா மணக்குது.”

பாண் ரொட்டிக்கு இடித்த துவையல்தானே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் கரையில் கூனி இல்லாத சமையலறை ஏது? காய்ந்த குட்டி இறால். ஒரு பிடி போட்டு இடித்தால் சம்பலின் வாசனை தெருமுனை வரை போகும்.

என் வீட்டில் மட்டும் அது கிடையாது. இளையவள் நுஹாவுக்கு இப்போது ஆறு வயது. மூன்று வயதில் ஒரு விருந்தில் இறால் கறி சாப்பிட்டாள். கால் மணித்தியாலத்தில் உதடும் நாக்கும் வீங்கி, மூச்சு சீழ்க்கை அடித்தது. அன்று காப்பாற்றிய டொக்டர் சொன்னார் – அடுத்த முறை இதைவிட வேகமாக வரலாம். அன்றிலிருந்து இறால், நண்டு, கூனி எதுவும் எங்கள் வாசற்படி தாண்டியதில்லை. ஆகவே பத்து வயது ஹனாவுக்கு இறால் தெரியும், கூனி தெரியாது. தங்கைக்கு இறால் ஆகாது என்பது நன்றாகத் தெரியும். இடித்த சம்பலுக்குள் இருப்பதும் இறால்தான் என்பது எப்படித் தெரியும்?

நானும் என் கணவர் அன்ஸாரும் ஏன் அந்த நேரத்தில் பஸ்ஸில் இருந்தோம்?

அவருடைய நானாவின், அதாவது அண்ணனின், மகனுக்கு அக்கரைப்பற்றில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பஸ். ஒரு பஸ், நாற்பத்திரண்டு பேர் – எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக எல்லோரும் ஏறியிருந்தார்கள். ஆனால் ஹனாவுக்கு அடுத்த வாரம் புலமைப்பரிசில் பரீட்சை. எட்டு மணித்தியாலம் போய், எட்டு மணித்தியாலம் வந்து... பிள்ளை என்ன எழுதும்? அக்காவை விட்டு நுஹா அசையமாட்டாள். இரண்டு பேரையும் இரண்டு நாள் யார் பார்ப்பது? சொந்தம் எல்லாம் பஸ்ஸில்.

என்னோடு படிப்பிக்கும் ஒரு ஆசிரியை ஸ்டெல்லாவைப் பற்றிச் சொன்னார். சிலாபம் பக்கத்துக் கடற்கரை ஊர், மீன்பிடிக் குடும்பம், ஐம்பது வயது. குவைத்தில் பத்து வருடம் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். இப்போது இப்படி இரண்டு மூன்று நாளைக்கு வந்து நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொடுப்பார், சம்பளத்துக்கு.

சம்பளத்துக்கு! அந்த ஒரு சொல்லுக்காக அன்ஸாரின் ராத்தா, அதாவது என் மதினி, மூன்று நாள் என்னுடன் கதைக்கவில்லை. நான்காம் நாள் கதைத்தார்.

“நம்மட குடும்பத்துல எந்தப் புள்ளையும் கூலிக்கு ஆள் வச்சு வளரல்ல ரிபா.”

“ரெண்டு நாளைக்குத்தானே மதினி. நீங்க நிப்பீங்களா?”

“நான் மாப்பிள்ளைட மாமி. நான் எப்பிடி நிக்கிறது?”

அத்துடன் அந்தக் கதை முடிந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஸ்டெல்லா வந்தார். கையில் ஒரு உடுப்புப் பை, ஒரு சாப்பாட்டுப் பொதி. நான் அவரிடம் ஒரு கடதாசிக் கட்டைக் கொடுத்தேன். ஐந்து பக்கம். நாற்பத்தேழு குறிப்புகள். இலக்கமிட்டு, ஓரம் விட்டு, எனது மிகச் சிறந்த கையெழுத்தில். நான்காவது குறிப்பு – நுஹாவுக்கு இறால், நண்டு, கூனி எந்த உருவத்திலும் கூடாது. ஐந்தாவது – தவறிச் சாப்பிட்டுவிட்டால் கொடுக்க வேண்டிய மருந்து எங்கே இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், அவசரத்துக்குக் கூப்பிட ஆறு பேரின் நம்பர்கள்.

“எல்லாம் இதுல எழுதியிருக்கு. கட்டாயம் வாசிங்க, என்ன?”

“ஓம் மிஸ்.”

இரவு தேநீர் ஊற்றும்போது மறுபடியும் கேட்டேன். “வாசிச்சீங்களா?”

“ஓம் மிஸ், பாக்கிறேன்.”

கணக்கு ஆசிரியை நான். ‘வாசிச்சேன்’ என்பதற்கும் ‘பாக்கிறேன்’ என்பதற்கும் இடையிலிருக்கும் தூரம் அப்போது காதில் விழவில்லை. பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அதிகாலை சுபஹ் தொழுதுவிட்டுப் பஸ் புறப்பட்டது. புத்தளம் நகரைத் தாண்டி அநுராதபுரம் வீதியில் காடு தொடங்கும் இடத்தில்தான் அந்த அழைப்பு. நான் ஹனாவிடம் கேட்ட முதல் கேள்வியே, “ஆன்ட்டி லிஸ்ட்படி செய்றாங்களா?” என்பதுதான்.

“அவங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே உம்மா. சிங்களத்துலதான் படிச்சாங்களாம். காலையில என்னை வாசிக்கச் சொன்னாங்க. நான் இந்தப் பேப்பர் செய்து முடிச்சிட்டு வாசிச்சுத் தாரேன் எண்டேன்...”

பிறகு சம்பல். பிறகு கூனி. பிறகு ஒன்றுமில்லை.

“ஹனா? ஹனா...”

நான் எழுந்து நின்றதைப் பார்த்துப் பின்சீட்டிலிருந்து ஒருவர் சிரித்தார். “என்ன மிஸ், தும்மினா என்ன செய்யணும் எண்டு எழுத மறந்திட்டீங்களா?” பஸ்ஸே சிரித்தது. என் முகத்தைப் பார்த்த அன்ஸார் மட்டும் சிரிக்கவில்லை.

நான் நடந்ததைச் சொன்னேன்.

“யாருக்காவது போன் எடுங்க,” என்றார் மதினி. “வீட்டுக்கு ஆள் அனுப்புங்க.”

யாரை? என் லிஸ்டின் கடைசிப் பக்கத்தை நினைத்துக்கொண்டேன். என் நம்பர். அன்ஸார் நம்பர். அவருடைய நானா – முன் சீட்டில். மதினி – எனக்குப் பக்கத்தில். அடுத்த வீட்டு ஜெஸீமா ராத்தா – ஜன்னலோரம், தலைசுற்றுக்குத் தேசிக்காயை முகர்ந்தபடி. அவர் மகன் – சற்று முன் என்னைப் பகிடி பண்ணியவன். ஆறு பேர். ஆறு பேரும் ஒரே பஸ்ஸில்! அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று எழுதும்போது, அந்த ஆட்கள் அந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்று யோசிக்காத ஒருத்தி உண்டா? இருக்கிறாள்.

எப்படியென்றாலும் ஒருவரின் போனிலும் சிக்னல் இல்லை. நாற்பத்திரண்டு பேரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள்.

“பஸ்ஸைத் திருப்புங்க நானா,” என்றார் அன்ஸார் சாரதியிடம்.

சாரதி வேகத்தைக் குறைத்தார். “இங்க பஸ் திருப்ப இடமில்ல; இடம் தேடித் திருப்பினா சிக்னல் வர இருபது நிமிஷம். முன்னுக்குப் போனா பத்துப் பன்னிரண்டுல வரும். என்ன செய்ய? சொல்லுங்க.”

கணக்கு எளிதானது. முன்னுக்குத்தான் போக வேண்டும். ஆனால் ஒவ்வொரு கிலோமீற்றரும் பிள்ளையிடமிருந்து தூரம்... “போங்க,” என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. அதை மட்டும் நான் குறித்து வைக்கவில்லை.

நடுவழியில் ஒரு யானை. வீதியோரம் நின்று, ஏதாவது தருவார்களா என்று வாகனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு வேன் நின்று வாழைப்பழம் எறிந்தது. வேறு நாளென்றால் நாங்களும் படம் எடுத்திருப்போம். அன்று சாரதி ஹோன் அடிக்கவும் முடியாமல், முந்தவும் முடியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். மதினி ஸலவாத்து ஓதினார். அவருடைய கை என் முழங்கையில் இருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன்.

ஏழு ஐம்பத்தொன்றுக்கு ஒரு கோடு சிக்னல் வந்தது. ஸ்டெல்லாவுக்கு அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை. மூன்றாவது முறையும் இல்லை. ஹனா முன்பு பேசியதும் அதே போனில்தான். வீட்டில் வேறு போன் இல்லை. ஐந்து பக்கம் எழுதினேன். இரண்டாவது போன் ஒன்று வைத்துவிட்டு வரத் தோன்றவில்லை.

ஏழு ஐம்பத்தெட்டுக்கு அவரே அழைத்தார். பின்னால் ஆட்களின் சத்தம், ஒரு தள்ளுவண்டியின் கிறீச்சு.

“மிஸ், பயப்பட வேணாம். சின்னவளோட ஆஸ்பத்திரியில நிக்கிறேன். ஊசி போட்டாச்சு. இப்ப மூச்சு நல்லா வருது. பெரியவளும் இங்கதான். நீங்க மெதுவா வாங்க.”

மெதுவாக வருவதாவது! நாங்கள் இருவரும் வீதியில் இறங்கினோம். புத்தளம் பக்கம் போன மரக்கறி லொறி ஒன்று ஏற்றிக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டார் பஸ் நாற்பது பேருடன் கிழக்கே போனது.

பத்து இருபதுக்கு வார்டுக்குள் நுழைந்தேன். நுஹா கட்டிலில் உட்கார்ந்து, வீங்கிய உதட்டால் பால் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஹனா, அழுது முடித்த முகம். ஸ்டெல்லா கட்டிலின் கால்மாட்டில், சம்பல் பட்ட அதே சட்டையுடன்.

டொக்டர் சிங்களவர், இளம் பெண். எங்கள் இருவரையும்விட ஸ்டெல்லாவைப் பார்த்தே கதைத்தார். எனக்கு விளங்குகிற அளவு சிங்களம் உண்டு. ஸ்டெல்லா பதில் சொல்லிக்கொண்டே போனார்: பாண் இரண்டு கடி. சம்பல் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. முதலில் சொறிந்தது ஏழு முப்பத்திரண்டுக்கு. உதடு தடித்தது ஏழு முப்பத்தைந்துக்கு. சாப்பிட்டதைச் சத்தி எடுத்தது ஒரு தடவை, வரும் வழியில்... எதையும் எழுதிவைத்துச் சொல்லவில்லை. எல்லாம் மனதிலிருந்து, ஒன்றின்பின் ஒன்றாக, பிழையில்லாமல். டொக்டர் என்னிடம் திரும்பிச் சொன்னது ஒன்றே ஒன்று: “வீட்டில் மருந்து தேடி நேரத்தை வீணாக்காமல் உடனே கொண்டு வந்தார்கள். அதுதான் நல்லது.”

வீட்டில் நடந்ததைப் பிறகு கேட்டேன். பிள்ளையின் உதட்டைப் பார்த்ததும் ஸ்டெல்லா அடுப்பை அணைத்திருக்கிறார். நுஹாவைத் தோளில் போட்டு, ஹனாவின் கையைப் பிடித்து வீதிக்கு ஓடி, மீனுக்கு ஐஸ் ஏற்றிப்போன லொறியைக் கைகாட்டி மறித்திருக்கிறார். போன் உடுப்புப் பைக்குள். பை தோளில், இரண்டு கையிலும் பிள்ளைகள். அதனால்தான் எடுக்க முடியவில்லை.

ஹனாவும் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள் – என் ஐந்து பக்கங்களை. லொறிக்குள் உட்கார்ந்து முதலாவது குறிப்பிலிருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினாளாம். நான்காவதுக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டதாம்.

“உம்மா,” என்றாள் இப்போது. “காலையிலயே வாசிச்சிருந்தா... என்ட பிழையா?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா சொன்னார்: “உன்ட பிழை இல்ல மகள். தெரியாது எண்டு சொல்ல எனக்குத்தான் வெக்கம். ராத்திரியே மிஸ்ஸிட்ட சொல்லியிருக்கணும். வாசிக்கத் தெரியாதவ எண்டு நினைச்சு வேணாம் எண்டுருவாங்களோ எண்டு பயந்திட்டேன்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவள் நான். சிலாபம் பக்கம் போகப் போக வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் சிங்களம் என்று வளர்ந்த ஆட்கள் எத்தனை பேர்! சந்தையில் தினமும் பார்க்கிறோம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறோம். அவர்களுடைய தமிழ் எங்களுடையதைவிட இனிமையாகவும் இருக்கும். இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். ஸ்டெல்லாவின் வாயிலிருந்து தமிழ் வந்ததும், அவர் கண்ணுக்கும் தமிழ் தெரியும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

“பிழை எனக்குத்தான் ஸ்டெல்லா,” என்றேன். “அந்த நாலாவது விஷயத்தை வாயால ஒருக்கா சொல்லியிருந்தா போதும்.”

“சொல்லியிருந்தா அந்தக் கூனிப் பொதியை நான் வாசல்லயே போட்டிருப்பேன் மிஸ்.”

பின்னேரம் அக்கரைப்பற்றிலிருந்து மதினி அழைத்தார். நிக்காஹ் முடிந்துவிட்டதாம். நுஹாவுடன் கதைத்து, அவள் சிரிப்பதைக் கேட்ட பிறகு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

“அந்தப் பொம்பளைய அனுப்பிட்டியா?”

“இல்ல மதினி. நாளைக்கும் நிக்கச் சொல்லியிருக்கேன். அடுத்த மாசம் கொழும்புக்குப் போகக்குள்ளயும் அவவைத்தான் கூப்பிடப் போறேன்.”

“வாசிக்கத் தெரியாதவளையா?”

“அவவுக்கு வாசிக்கத் தெரியும் மதினி. நான்தான் அவவுக்கு எழுதல்ல.”

மதினி போனுடன் கல்யாண வீட்டுச் சத்தத்தை விட்டுத் தள்ளிப் போவது கேட்டது. பிறகு மதினி சொன்னார்: “சரி... நான் வந்து அவவைப் பாக்கணும்.”

அந்த ஐந்து பக்கங்களை எழுத எனக்கு இரண்டு பின்னேரம் பிடித்தது. பிள்ளையைப் பார்க்க வந்தவருக்கு எதிரே ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார, பத்து நிமிடம் மட்டும் கிடைக்கவில்லை.