மையில் எழுதிய அலட்சியம்

டாக்டர் பட்டம் வாங்கிய சூட்டோடு திண்டுக்கல்லில் ஒரு காசநோய் மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போனேன். எல்லாம் தெரியும் என்ற திமிர். எங்களுக்குப் பயிற்சி தர ஒரு சமூகப் பணியாளரைப் போட்டிருந்தார்கள். என்னைவிட இரண்டே வயது பெரிய பெண். ஸ்டெதாஸ்கோப் பிடிக்காத ஆள் எனக்கு என்ன சொல்லித்தரப் போகிறார்?

அவர் வைத்தது ஒரே சட்டம். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை முடிவெல்லாம் நோயாளியின் அட்டையில் மையில் எழுதலாம். ஆளைப் பற்றிய அபிப்பிராயம் மட்டும் பென்சிலில்தான். வீட்டைப் பார்த்த பிறகே மை.

வடமதுரைப் பக்கத்துப் பெண் ஒருவர் மூன்று ஊசிக்குத் தொடர்ந்து வரவில்லை. நான்காவதும் தவறினால் சிகிச்சைப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். நான் பேனாவை எடுத்து ‘அலட்சியம்’ என்று எழுதினேன்.

“மையா?” என்றார் சமூகப் பணியாளர்.

“பின்ன? உசுரு மேல அக்கறை இருந்தா வரமாட்டாங்களா?”

“நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு வாங்க டாக்டரே. ஒருநாள் தூக்கம் கெட்டா ஒண்ணும் ஆகாது.”

விடிகிற நேரத்தில் போய் இறங்கினோம். அந்தப் பெண் மடி கட்டி மல்லிகை மொட்டு பறித்துக்கொண்டிருந்தார். நாலு செடிக்கு ஒருமுறை நின்று இருமினார்.

“ஏம்மா ஊசிக்கு வரல?” என்றேன் அதட்டலாக.

“வராம என்ன? வெயில் ஏறுனா மொட்டு விரிஞ்சுரும், எவன் வாங்குவான்? பறிச்சுக் கொண்டாந்து திண்டுக்கல் பூக்கடையில போட்டுட்டு ஓடியாந்தா, பத்து மணிக்கே கதவச் சாத்திப்புடுறீக. மூணு தடவையும் வந்தேன். கடைசியா வந்தப்ப நீங்கதான சாமி, உள்ள நின்னுக்கிட்டு ‘நேரம் முடிஞ்சிருச்சு, போ’ன்னீக?”

சொன்னது நான்தான். முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லியிருக்கிறேன். சமூகப் பணியாளர் பாத்திக்குள் இறங்கி மொட்டுப் பறிக்க ஆரம்பித்தார்.

திரும்பியதும் பெரிய டாக்டரிடம் போய், ஊசி அறையை மதியம்வரை திறந்து வைக்கலாமா என்று கேட்டேன்.

“யாருப்பா நிப்பா?”

“நான் நிக்கிறேன் சார்.”

நான்காவது ஊசி நாள். பத்தானது, பதினொன்றும் ஆனது. சும்மா இருக்க முடியாமல் அந்த மைச் சொல்லை பிளேடால் சுரண்டினேன். அட்டையில் ஓட்டைதான் விழுந்தது.

பதினொன்றரைக்கு வாசலில் மல்லிகை வாசனை வந்தது, பின்னாலேயே இருமல்.

“செத்த நேரம் இருங்க சாமி, மூச்சு வாங்குது.”

“மெதுவா வாங்கம்மா. கதவு திறந்துதான் இருக்கு.”