காலி பெஞ்சுக்குப் பாடம்

ஆசிரியர் வேலையில் ஒரு வசதி உண்டு: நாம் தப்பு செய்தால் எதிரே நாற்பது பேர் உடனே சொல்லிவிடுவார்கள். சாக்பீஸ் தூள் தின்ற சக ஜீவன்களே, அந்த நாற்பது பேரும் இல்லாமல் பாடம் நடத்தச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

பயிற்சி

எங்கள் திருச்சிப் பள்ளியில் தலைமையாசிரியை அறிவித்துவிட்டார்: எல்லாரும் செல்போனில் பாடத்தை வீடியோ எடுத்துத் தனக்கு அனுப்ப வேண்டும், மாணவர்கள் அதை வீட்டில் பார்ப்பார்கள், அனுப்பாதவர்களுக்கு அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு கிடையாது. பதினெட்டு வருஷமாகப் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள் நான். அதைப் பிடுங்கினால் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறவே மனம் வராது.

அதற்கென்று ஒரு நாள் பயிற்சி. மொத்த ஆசிரியர்களும் போய்க் கடைசி பெஞ்சுகளை அடைத்துக்கொண்டோம். பாதிப் பாடத்தில் தூக்கத்தில் கண் சொக்கியது. விட்டதை எல்லாம் பக்கத்தில் இருந்த, லால்குடியிலிருந்து வரும் மேரி டீச்சர் நோட்டைப் பார்த்து எழுதினேன். சொல்லிக்கொடுக்க வந்த சின்னப் பெண் அருகில் வந்து நின்றாள்.

"பாத்து எழுதாதீங்க மேடம். அவங்களும் தப்பாத்தான் எழுதியிருக்காங்க."

படப்பிடிப்பு

சனிக்கிழமை, காலி வகுப்பு. டிபன் பாக்ஸில் செல்போனைச் சாய்த்து வைத்துக் குவிலென்ஸ் நடத்தினேன். நன்றாகத்தான் போனது. ஆனால் பழக்கதோஷம் விடுமா? "பிம்பம் எங்க விழும்? யாரு சொல்லுவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக அரை நிமிஷம் நின்றேன்; ஒவ்வொரு கேள்விக்கும் இதே கதை. போதாததற்கு, "கடைசி பெஞ்ச், என்ன பேச்சு அங்க?" என்று ஒரு அதட்டல் வேறு. பத்து நிமிஷப் பாடம் பதினாறு நிமிஷமாகிவிட்டது. வாசலில் நின்றிருந்த மேரி டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

"அந்தப் பெஞ்சு என்ன பாவம் பண்ணுச்சு டீச்சர்?"

தீர்ப்பு

வீடியோவில் அதையெல்லாம் வெட்டத் தெரியவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன். ஒரு வாரம் தலைமையாசிரியையிடமிருந்து பதிலே இல்லை. பத்தாம் வகுப்பு போயே போய்விட்டது என்று அழுகையே வந்துவிட்டது.

பெற்றோர் கூட்டத்தன்று தலைமையாசிரியை தன் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே என் மாணவி ஒருத்தியின் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், எம் பொண்ணு கட்டில்ல படுத்துக்கிட்டுதான் உங்க வீடியோவ பாத்தா. நீங்க கடைசி பெஞ்சுனு அதட்டுனதும் எந்திரிச்சு உக்காந்துட்டா. கேள்விக்கெல்லாம் சத்தமா பதிலு வேற சொல்றா!" என்றார் அவர்.

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார்.

"பத்தாம் வகுப்ப நீங்களே வச்சுக்கங்க. வீடியோ எப்படி எடுக்கறதுனு திங்கக்கிழமை மத்த டீச்சருங்களுக்கும் நீங்களே சொல்லிக்குடுங்க."

திங்கட்கிழமை சொல்லிக்கொடுக்கப் போனேன். முன் பெஞ்சு முழுக்கக் காலி, கடைசி பெஞ்சில் மேரி டீச்சர் பேசிக்கொண்டிருந்தார்.