புது மெஷின் படிக்காத டேப்

புது கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "லைப்ரரிய மாத்துத வேலைய செல்வின் பாக்கட்டும்மா. மெட்ராஸ்ல கோர்ஸ் முடிச்சிட்டு வந்திருக்கான். நீ கூடமாட இருந்துக்கோ" என்றார்.

எண்பதுகளின் பிற்பாதி. கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லில் நான் புரோகிராமர். லைப்ரரி என்று நாங்கள் சொன்னது புத்தகங்களை அல்ல. புரோகிராமில் ஒரு வரி மாறினாலும், யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்ற விவரத்தோடு பழையதையும் பத்திரமாக வைத்திருக்கும் ஏற்பாடு அது. எந்தப் பழைய வெர்ஷனையும் கேட்டு எடுக்கலாம். மழையைப் பொறுத்து வருடா வருடம் கருங்கண்ணிப் பஞ்சின் தரம் மாறும். எதை எவ்வளவு கலப்பது என்று சொல்லும் மிக்ஸிங் புரோகிராமும் கூடவே மாறும். மழை பொய்த்த வருடத்துக் கணக்கு, மறுபடி மழை பொய்க்கும்போது அப்படியே தேவைப்படும்.

அந்த லைப்ரரியை ஆரம்பித்தவள் நான். ஜெராக்ஸ் எடுத்த மேனுவலைப் படித்து நானாகக் கற்றுக்கொண்டது. செல்வின் நேற்று வந்தவன். ஏசிக்கு எதிரே அவனுக்கு நாற்காலி. மேனேஜர் டீ குடிக்கப் போனாலும் அவனைத்தான் கூட்டிப்போவார். என்னை அவன் அக்கா என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவான். அதுவும் எனக்கு எரிந்தது.

லைப்ரரி முழுவதையும் அவன் பழைய மெஷினிலிருந்து காந்த டேப்பில் எழுதினான். திரும்பப் படித்துச் சரிபார்த்து, முடிந்தது என்று மேனேஜரிடம் சொன்னான். பழைய மெஷினை எடுத்துப்போக கம்ப்யூட்டர் கம்பெனி வேன் வாசலில் வந்து நின்றது. ஏதாவது ஒரு தப்பு இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவன் எடுத்த பிரிண்ட் அவுட்டை வரிவரியாகப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், டேப்பை எழுதிய பழைய மெஷினின் டிரைவிலேயேதான் படித்தும் பார்த்திருக்கிறான் என்பது உறைத்தது.

"புதுசுல போட்டுப் பாத்தியா?"

"ரெண்டும் ஒரே மாதிரி டேப்தானக்கா."

"போட்டுப் பாரு."

பாதியில் ரீட் எரர் வந்து நின்றது. வேறு டேப்பில் எழுதிப் போட்டோம், அதுவும் அப்படியே. வேனோடு வந்திருந்த சர்வீஸ் இன்ஜினியர், பழைய டிரைவில் டேப்பை எழுதிப் படிக்கும் ஹெட் இடம் விலகியிருக்கிறது, அது எழுதிய டேப்பை அது மட்டுந்தான் படிக்கும் என்றார். மேனேஜர் முகம் செத்துப்போனது. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிமிடம் சந்தோஷம். பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். நான் இத்தனை காலம் எடுத்துவைத்த பேக்கப் எல்லாம் அதே டிரைவில் எழுதியவை.

செல்வின் இரண்டு மெஷினின் பின்பக்கத்தையும் குனிந்து பார்த்தான். "டேப்பே வேண்டாங்க்கா. ரெண்டு மெஷினையும் ஒயரால இணைச்சிருவோம்" என்றான். எலக்ட்ரீஷியனிடம் சால்டரிங் அயர்ன் வாங்கிவந்து, ஒரு டெர்மினல் கேபிளை வெட்டி, அனுப்பும் ஒயரையும் வாங்கும் ஒயரையும் மாற்றிப் பற்றவைத்தான். எனக்குத் தோன்றியே இருக்காது. முன்பு பட்ட பொறாமையெல்லாம் அந்தப் பொறாமைக்கு முன்னால் ஒன்றுமில்லை.

வேனைக் காக்க வைத்தோம். ஃபைல்கள் ஒவ்வொன்றாக, மெதுவாக வந்தன. மிக்ஸிங் புரோகிராமின் பழைய வெர்ஷன் ஒவ்வொன்றையும் இரண்டு மெஷினிலும் எடுத்து ஒப்பிட்டேன். ஒரு ஃபைல் குறையாக வந்திருந்தது, மறுபடி அனுப்பச் சொன்னேன். எல்லாம் பொருந்திய பிறகே பழைய மெஷினின் பிளக்கைப் பிடுங்க விட்டேன்.

மறுநாள் முதலாளி பார்க்க வந்தார். மேனேஜர் செல்வினின் தோளில் கை போட்டு, "இந்தத் தம்பிதான் எல்லாத்தையும் மாத்திக் குடுத்தது" என்றார்.

"அக்கா சொல்லலன்னா மொத்தமும் போயிருக்கும் சார்" என்றான் செல்வின். அதற்குள் முதலாளி புது பிரிண்டரைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

பிற்பாடு அந்த செக்‌ஷனுக்கு நான் பொறுப்பு ஆனேன். மெஷின் மாற்றும்போதெல்லாம், பேக்கப் எடுப்பவரிடமே சரிபார்க்கும் வேலையைக் கொடுத்ததில்லை. அதை, மாற்றும் வேலை தனக்குக் கிடைக்கவில்லை என்று முகத்தைத் தூக்கிவைத்திருப்பவரிடம் கொடுப்பேன். எங்கேயாவது தப்பு இருக்காதா என்று அவர்தான் கடைசி ஃபைல் வரை திறந்து பார்ப்பார்.